பற்றரி தீர்வதற்கு முன்: குன்பெய் யொகோயின் கதை

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து வந்த பெரியம்மா, வழமையான சொக்லேட், சவர்க்காரம், தைலப் போத்தல்களோடு ஒரு சிறிய கடித உறையையும் என்னிடம் தந்தார். பெரியம்மாவின் மகன் கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டு இருந்தது. இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருக்கும். கேம்போய் என்ற கையடக்க விளையாட்டு இயந்திரத்துக்குள் செருகும் கசற். இதற்கு சரியான பெயர் கார்ட்ரிட்ஜ் என்பது பிறகுதான் தெரியும். கிளிநொச்சியில் நாங்கள் எல்லோரும் கசற் என்றுதான் சொன்னோம்.

2003இல், சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்திருந்தபோது அவர்கள் குடும்பமாக வந்து எங்களுடைய வீட்டில் மூன்று கிழமை நின்றார்கள். எனக்குப் பதினொரு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. பெரியம்மாவின் மகன் கொண்டுவந்த கேம்போயை முதல் இரண்டு நாள் அவன் எங்களைத் தொட விடவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு வயிற்றோட்டம் வந்தது. அதற்குப் பிறகு இயந்திரம் அண்ணாவின் கைக்குப் போய்விட்டது. செல்டா வரிசையில் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங் என்ற விளையாட்டு அது. விளையாடுபவர் மூவர் தங்கள் பெயரை எழுதித் தனித்தனியாகச் சேமித்து வைக்கலாம். பெயருக்கு ஐந்து எழுத்துகள்தான் இடம். அண்ணாவின் பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. முதல் ஐந்தை எழுதி இரண்டாவது இடத்தில் சேமித்துக்கொண்டான். அவர்கள் திரும்பிப் போனபோது அந்தப் பெயரும் கசற்றுக்குள் இருந்தபடியே ஜேர்மனிக்குப் போனது.

2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் எங்களைவிட்டுப் பிரிந்த அண்ணா இன்றுவரை திரும்பவில்லை. எங்களுடைய படங்கள், அவனுடைய கொப்பிகள், சேட்டுகள் எல்லாம் இடப்பெயர்வில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அம்மாவிடம் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த படத்தின் பிரதி ஒன்று மட்டும்தான். ஆகவே இந்தக் கசற்றுக்குள் அவன் கைப்பட எழுதிய ஐந்து எழுத்து இன்னும் இருக்கக்கூடும் என்று பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு உடனே மறுமொழி சொல்ல வரவில்லை.

இருக்கக்கூடும் என்று அவன் இழுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலக் கசற்றுக்குள் இரண்டு விதமான நினைவகம் இருக்கும். விளையாட்டு ஒரு சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். விளையாடுபவரின் சேமிப்போ வேறொரு சிப்பில் இருக்கும். அதற்கு எந்நேரமும் ஒரு துளி மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது கசற்றின் உள்ளே ஒட்டிவைத்திருக்கும் நாணய வடிவிலான லிதியம் பற்றரி. அது பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். சிலது அதற்கு மேலும் உழைக்கும். தீர்ந்த நிமிடத்தில் சேமிப்பு போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. கழற்றிப் பார்ப்போம் என்று பற்றரியைக் கழற்றினாலும் போய்விடும்.

ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தவர் நான். ஊடகம் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன். ஊடகம் ஒரு பொருள் என்பதையும், அது துருப்பிடிக்கும், பற்றரி தீரும் என்பதையும் அந்த வருடங்களில் யாரும் எனக்குச் சொன்னதாக நினைவில்லை. கசற்றில் கைவைக்கப் பயந்து, முதலில் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் குன்பெய் யொகோயிடம் வந்து சேர்ந்தேன்.

யொகோய் 1941 செப்டெம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். போர் முடிந்தபோது அவருக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. ஜப்பானின் பெருநகரங்கள் பலவும் குண்டுவீச்சில் எரிந்தபோது கியோட்டோ பெரும்பாலும் தப்பியது. அணுகுண்டு இலக்குப் பட்டியலில் இருந்துகூட அது கடைசியில் எடுக்கப்பட்டது. தோற்ற நாட்டின் எரியாத நகரத்தில் வளர்ந்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம். உள்ளூரிலேயே டோஷிஷா பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்தார். 1965இல் அதே ஊரில் இருந்த நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

இன்றைக்கு நின்டெண்டோ என்றால் உலகமே அறியும். அன்றைக்கு அது சீட்டுக்கட்டு அடிக்கும் கம்பனி. 1889இல் ஹனஃபுடா என்ற ஜப்பானியப் பூச்சீட்டுகளைச் செய்யத் தொடங்கிய குடும்ப நிறுவனம். இலத்திரனியல் பட்டதாரிக்கு அங்கே கிடைத்த வேலை, சீட்டு அடிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது. நாள் முழுக்க நிற்கும் வேலை அதுவல்ல. இயந்திரம் ஓடினால் அவருக்கு வேலை இல்லை.

அந்த வெறும் நேரத்தில் அவர் தனக்கென்று ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். கத்தரிக்கோல் போலக் குறுக்கும் மறுக்கும் இணைத்த தட்டுகள். பிடியை அழுத்தினால் நீண்டுபோய் தூரத்தில் இருக்கும் பொருளைப் பற்றும். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்கு ஏச்சு விழும் என்று யொகோய் எதிர்பார்த்திருக்க வேண்டும். யமாவுச்சி கடுமையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவர் சொன்னது வேறு: இதை விற்பனைப் பொருளாக்கு. 1966இல் அல்ட்ரா ஹான்ட் என்ற பெயரில் வந்த அந்தச் சாமான் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. பராமரிப்பு ஊழியர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆனார்.

அதன் பின் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது 1969இன் லவ் டெஸ்டர். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உலோகக் குண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைகளைக் கோத்துக்கொண்டால், அவர்களுக்கிடையே எவ்வளவு காதல் என்று ஊசி காட்டும். உண்மையில் அது தோலின் வழியே ஓடும் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் கருவி, பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் கல்வனோமானியின் தம்பி. பெண்பிள்ளைகளின் கையைப் பிடிக்க ஒரு சாட்டு வேண்டும் என்பதுதான் அதன் பின்னணி என்று யொகோயே பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மலிவான பொருளை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பது அவருடைய வழக்கமானது இங்கேதான். சூரியக்கலத்தை எடுத்தார், வெளிச்சத்தில் மின்சாரம் செய்யும் அந்தத் துண்டை இலக்கில் பொருத்தி, ஒளியைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி ஒன்றைச் செய்தார்கள். துப்பாக்கி விளையாட்டு என்ற சொல்லே எங்களுக்கு வேறு மாதிரி ஒலிக்கும். ஆனால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்கக் கிடைத்திருந்தது.

எழுபதுகளின் இறுதியில், ஷின்கான்சென் கடுகதி ரயிலில் அவருக்கு எதிரே இருந்த அலுவலக மனிதர் ஒருவர் பொழுது போகாமல் தன் கல்குலேற்றரின் பொத்தான்களை அமத்தி அமத்தி விளையாடிக்கொண்டிருந்தாராம். கல்குலேற்றர்களின் விலை அப்போது படுவேகமாக விழுந்துகொண்டிருந்தது; அவற்றின் திரைகளைச் செய்த தொழிற்சாலைகள் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாமல் கைக்குள் மறைத்து விளையாட ஒரு சாமான் இருந்தால் என்ன என்று யொகோய் யோசித்தார். ஒருநாள் தலைவரின் காரை ஓட்ட வழமையான சாரதி இல்லாமல், யொகோய் ஓட்டவேண்டி வந்தது. போகும் வழியில் பேச்சுக்காகச் சொல்லிவைத்தார். சில நாட்களில் ஷார்ப் நிறுவனத்தார் திரையோடு வந்து நின்றார்கள்.

1980இல் வெளிவந்த கேம் அன்ட் வோட்ச் அப்படிப் பிறந்ததுதான். ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு, மூலையில் ஒரு மணிக்கூடு. மொத்தம் 4 கோடி 34 இலட்சம் விற்றன. 1982இல் டொங்கி கொங் விளையாட்டுக்காக அந்தச் சிறிய கருவியில் நான்கு திசைக்கும் நான்கு பொத்தான் வைக்க இடம் போதவில்லை. யொகோய் ஒரு சிலுவை வடிவப் பொத்தானை வைத்தார். பெருவிரலைத் தூக்காமலே திசை மாற்றலாம். இன்று உலகத்தில் எந்த விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்தாலும் இடது பெருவிரலின் கீழ் அந்தச் சிலுவையோ அதன் பிள்ளையோ இருக்கும். அந்த நாட்களில் ஷிகேரு மியமோட்டோ என்ற இளம் ஓவியர் டொங்கி கொங்கை உருவாக்கியதும் யொகோயின் மேற்பார்வையில்தான். மரியோவின் தகப்பன் என்று உலகம் மியமோட்டோவைக் கொண்டாடுகிறது, சரிதான். வாத்தியாரைப் பற்றிக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

இனி கேம்போய். 1989 ஏப்ரல் 21ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். திரையில் நிறம் கிடையாது; பாசிப் பச்சையில் நான்கு தரம் மட்டும். பின்வெளிச்சம் இல்லை, இருட்டில் எதுவும் தெரியாது. குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். அதே வருடம் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட லிங்ஸ் இயந்திரத்தில் நிறமும் வெளிச்சமும் இருந்தன. அடுத்த வருடம் வந்த சேகாவின் கேம் கியரிலும் இருந்தன. ஆனால் கேம் கியர் ஆறு பற்றரிகளைத் தின்று மூன்று நான்கு மணித்தியாலத்தில் அணைந்துவிடும். கேம்போய் நான்கே பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் அதன் விலை 90 டொலர். லிங்ஸ் அதன் இரண்டு மடங்கு.

நிறத்திரை வைக்க நின்டெண்டோவால் முடியாமல் இருக்கவில்லை. யொகோய் வேண்டாம் என்றார். அவருடைய கோட்பாட்டைத் தமிழில் சொன்னால் காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று வரும். காய்ந்தது என்றால் உதவாதது என்ற அர்த்தமில்லை. நன்றாக விளைந்து, எல்லோருக்கும் பழகி, விலை விழுந்து, அதன் கோளாறுகள் அத்தனையும் தெரிந்துவிட்ட ஒன்று. புதுச் சரக்கைத் தேடி ஓடாமல், இருக்கிற பழஞ்சரக்கைப் புது இடத்தில் பாவிப்பது.

இதை வாசித்தபோது எனக்குப் புத்தகம் படிப்பதுபோல இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த யாருக்கும் இருக்காது. ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. யொகோயிடம் ஒரு கம்பனியும் சம்பளமும் இருந்தன. எங்களவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனாலும் ஒரு பற்றரியின் பெறுமதி என்ன என்று அறிந்து ஒரு பொருளைச் செய்தவர் என்பதில் அவரோடு எனக்கு ஒரு நெருக்கம் வந்தது.

அவரைக் கடவுளாக்கவும் விருப்பமில்லை. கேம்போயை அவர் தனியாகச் செய்யவில்லை. அவரோடு வேலைசெய்த பொறியியலாளர் சதோரு ஒகாடா இல்லாவிட்டால் அது இன்னொரு மலிவான கேம் அன்ட் வோட்ச்சாக, ஓரிரு வருடத்தில் தூக்கிப்போடும் சாமானாக முடிந்திருக்கக்கூடும். கசற் மாற்றி மாற்றிப் பல வருடம் விளையாடக்கூடிய உண்மையான கணினியாக அது இருக்கவேண்டும் என்று சண்டைபிடித்தவர் ஒகாடா. யொகோய் கடைசியில் விட்டுக்கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்பதே எங்களுடைய அலுவலகங்களில் வேலைசெய்தவர்களுக்கு ஆச்சரியமான செய்திதான்.

மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் விளையாட்டை அமெரிக்காவில் இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்தார்கள். அதன் பிறகு பெரியவர்களும் விமான நிலையங்களில் கேம்போயோடு இருந்தார்கள். பின்னர் வந்த கேம்போய் கலரையும் சேர்த்தால் 11 கோடி 86 இலட்சத்துக்கு மேல் விற்றது. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படைமுகாம் ஒன்று தாக்கப்பட்டதில் எரிந்துபோன கேம்போய் அது. முகப்பு உருகிக் கருகிவிட்டது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் டெட்ரிஸ் ஓடியது. நின்டெண்டோ அதை நியூயோர்க்கில் உள்ள தன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீண்ட காலம் காட்சிக்கு வைத்திருந்தது. அந்தப் படத்தைக் கணினித் திரையில் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடமும் எரிந்த சாமான்கள் உண்டு. அவற்றுக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுப்பதும் உண்டு. அந்தக் குண்டு விழுந்த நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஏதாவது எங்கேனும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்றுதான் யோசனை போனது.

யொகோயின் கடைசி வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அவையும் வேகமாகத்தான் போயின. 1995இல் வந்த வேர்ச்சுவல் போய், முகத்தை உள்ளே வைத்துப் பார்க்கும், சிவப்பும் கறுப்பும் மட்டுமே தெரியும் முப்பரிமாண இயந்திரம். தலையிடி வருகிறது என்றார்கள். 7 இலட்சத்து 70 ஆயிரம் அளவில் விற்று, ஒரு வருடத்துக்குள்ளேயே கைவிடப்பட்டது. 1996 ஓகஸ்டில், 31 வருடச் சேவைக்குப் பிறகு, அவர் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விக்குப் பொறுப்பாக வெளியேற்றப்பட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அதை மறுத்தார். ஐம்பது தாண்டினால் தன் விருப்பத்துக்கு வேலைசெய்யவேண்டும் என்பது பழைய திட்டம் என்றார். எது முழு உண்மையோ, விலகுவதற்குச் சற்று முன் அவர் விட்டுச்சென்றது கேம்போயின் மெலிந்த வடிவமான கேம்போய் பொக்கற். அதே வருடம் தொடக்கத்தில் வந்த போக்கிமோன், கேம்போயின் பக்கத்தில் இருந்த கேபிள் துவாரத்தை வைத்தே உலகத்தைப் பிடித்தது. முதிர்ந்து முடிந்தது என்று நினைத்த இயந்திரம் இன்னொரு முறை எழுந்தது. அந்த எழுச்சியின் முழு அளவையும் பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை.

கியோட்டோவில் கோட்டோ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கையடக்க இயந்திரம் ஒன்றில் வேலைசெய்துகொண்டிருந்தார். 1997 ஒக்டோபர் 4ஆம் திகதி, இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிக்கு அதிவேக வீதியில் அவர் பயணம்செய்த கார் முன்னால் போன பாரவண்டியின் பின்புறத்தில் மோதியது. பெரிய அடி இல்லை. சேதத்தைப் பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு வாகனம் அவரை அடித்தது. 56 வயது. அவர் தொடங்கிய இயந்திரம் 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வந்தது. அதற்கு ஒரேயொரு பற்றரி போதும். கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்: குன்பெய்.

அவருடைய இயந்திரம் எரிந்தும் ஓடியது. அதற்குள் ஓடிய விளையாட்டுகளின் கதை அவ்வளவு நல்லதல்ல. அமெரிக்காவில் இருக்கும் வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. அதே வருடம் மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ் இயந்திரத்தின் இணையக் கடையை மூடியது. அங்கே விற்கப்பட்ட பழைய கேம்போய் விளையாட்டுகள் பலவற்றை அதற்குப் பிறகு வாங்க முடியவில்லை. கம்பனி மறந்ததைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஆர்வலர்கள்தான். அவர்களுடைய ஒழுங்கு எந்த நூலகருக்கும் குறைந்ததல்ல. ஒவ்வொரு கசற்றையும் வாசித்து எடுத்த கோப்பின் பெயரில் விளையாட்டின் பெயர், வெளியான நாடு, மொழி, எத்தனையாவது திருத்தம் என்பன ஒரே முறையில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. கோப்பின் எல்லாப் பைற்றுகளையும் ஒரு கணக்கில் போட்டால் வரும் எண் அது. ஒரு பைற் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு இந்த எண்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் வாசித்தது சரியா பிழையா என்று அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவோ மிகச் சிறியது. உலகத்தையே அடிமையாக்கிய டெட்ரிஸ் முழுவதும் 32 கிலோபைற்தான். உங்களுடைய தொலைபேசியில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு, கசற்றைக் கணினியோடு இணைக்கும் சிறிய கருவியொன்றைக் கொழும்பில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். முதல் முறை செருகியபோது எதுவும் ஒழுங்காக வரவில்லை. கேம்போய் ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது, கசற்றுக்குள் 48 பைற்றில் பதிந்திருக்கும் நின்டெண்டோவின் பெயர்ச் சின்னத்தைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். எனக்கு அந்த இடத்திலேயே குப்பைதான் வந்தது. செப்புத் தொடுகைகளில் அழுக்கு. சின்ன வயதில் வாயால் ஊதிப் போடுவோம். அது எச்சில் ஈரத்தால் துருவைக் கூட்டும் வேலை என்று இப்போது தெரியும். பாமசியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் வாங்கி, பஞ்சுக் குச்சியில் தொட்டு, மெதுவாகத் துடைத்து, காயவிட்டு மறுபடி செருகினேன்.

விளையாட்டுக் கோப்பு வந்தது, 512 கிலோபைற். கைரேகை எண் பட்டியலில் இருந்த ஜேர்மன் பதிப்போடு அப்படியே பொருந்தியது. ஆக, தொடுகை சரி. அடுத்து சேமிப்பு. அது சில கிலோபைற்தான். இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் வேறு வேறு எண். கை நடுங்கியது. விளையாட்டு இலட்சக்கணக்கான பிரதிகளில் உலகமெங்கும் இருக்கிறது, என்னுடையது பழுதானால் இன்னொன்று கிடைக்கும். இந்தச் சேமிப்பு உலகத்தில் ஒன்றே ஒன்று. எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பட்டியலும் இல்லை. கசற்றை எடுத்து இன்னொரு முறை துடைத்து, ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டேன். அடுத்த நாள் இரவு வாசித்த மூன்றும் ஒரே எண்ணைத் தந்தன.

யாராவது இதே வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எடுத்த கோப்பை உடனே திறந்து பார்க்க அவதிப்படாதீர்கள். கணினியில் கேம்போயைப் போல நடிக்கும் எமுலேற்றர் மென்பொருள்கள், விளையாட்டுக் கோப்பின் அதே பெயரில் இருக்கும் சேமிப்புக் கோப்பை எடுத்து, கேட்காமலே அதன்மேல் எழுதும். மூலத்தை எழுதமுடியாதபடி பூட்டி, கைரேகை எண்ணைப் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் எழுதி, பிரதியில் மட்டும் கைவையுங்கள். நான் ஒன்றைக் கணினியிலும், ஒன்றைப் பென்டிரைவிலும், ஒன்றை ஜேர்மனியிலும் வைத்திருக்கிறேன். விளையாட்டு நின்டெண்டோவின் சொத்து, அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. சேமிப்பு யாருடைய சொத்து என்று எந்தச் சட்டத்திலும் தெளிவாக எழுதியிருப்பதாக நான் காணவில்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆர்வலர்களின் முறையைப் பின்பற்றி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் அண்ணாவின் முழுப்பெயரை எட்டு எழுத்தும் வர எழுதினேன்.

அம்மாவுக்கு மடிக்கணினியில் காட்டினேன். பெயர்கள் வரும் பக்கத்தில் இரண்டாவது வரியில் ஐந்து எழுத்து, பக்கத்தில் எட்டு சின்ன இதயங்கள். அம்மா ஆங்கில எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அதைத் திறந்தால், கடைசியாக நுழைந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் விளையாட்டு அது. ஒரு சின்ன மனிதன் வாளோடு கதவடியில் நின்றான். அம்மா ஒரு பொத்தானை அமத்தினார், அவன் ஒரு அடி நடந்தான். உடனே கையை எடுத்துவிட்டு, தான் ஏதும் கெடுத்துவிட்டேனா என்று கேட்டார். இது பிரதி, மூலம் பத்திரம் என்று விளங்கப்படுத்தினேன்.

இதை அண்ணாவின் நினைவுப்பொருள் என்று நான் வாய்தவறிச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. 2017இலிருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிப் போராட்டப் பந்தலில் படத்தோடு இருக்கும் தாய்மாரில் அவரும் ஒருவர். நினைவுப்பொருள் செத்தவர்களுக்குத்தான். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவன் வந்தால், விட்ட இடத்தில் இருந்து விளையாடலாமா?

கசற்றுக்குள் இருந்த பற்றரியின் வோல்ற்றளவு ஏற்கனவே விழத் தொடங்கியிருந்தது. ரவுணில் றேடியோ திருத்தும் ஐயா ஒருவர் பழையதைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சேமிப்பைக் கசற்றுக்குள் திரும்ப எழுதினேன். மறுபடி வாசித்துப் பார்த்தேன், எண் பொருந்தியது. கசற் இப்போது அம்மாவின் கைப்பையில், முறைப்பாட்டுக் கடிதங்களின் போட்டோப் பிரதிகளோடு ஒரு பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது. பின்பக்கத்தில் பற்றரி மாற்றிய திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். 2040க்கு முன் மறுபடி மாற்றவேண்டும்.